மேய்க்காலை மீட்போம்! புதருக்கும் விடமாட்டோம், சிப்காட்டுக்கும் விடமாட்டோம்!

(தேன்கனிக்கோட்டை வட்டம், காட்டோரக் கிராம விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே, ஆடு மாடு மேய்க்கும் தோழர்களே!

ராகி கதிர் பிடித்து நிற்கிற நேரம் இது. பொழுது சாய்ந்தால் பரண் ஏற வேண்டியவர்கள் பாதிப் பேர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நம்ம ஊர் மேய்க்கால் எங்கே போச்சு?

சிப்காட்டுக்குப் போன நிலம் நமக்குத் தெரியும். 1970களில் ஓசூரில் முதல் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சர்வேயர் வந்தார், கல் நட்டார், நோட்டீஸ் வந்தது, நாமும் எதிர்த்தோம். 2023-ல் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் நிலம் தரமாட்டோம் என்று நாள்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்ததும் நமக்குத் தெரியும்.

ஆனால் இன்னொரு பக்கமும் நிலம் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கு நோட்டீஸ் கிடையாது. சர்வேயர் வரவில்லை. காப்புக்காட்டு எல்லைக் கல் நட்ட இடத்திலேயே நிற்கிறது. புதர் மட்டும் கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. வருடத்துக்கு நாலு அடி, அஞ்சு அடி என்று வந்ததால் நாம் யாரும் சண்டைக்குப் போகவில்லை. இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் மாடு நிற்க இடம் இல்லை.

கல் நகரவில்லை, காடு நகர்ந்தது

நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடு ஓட்டிப் போனது 1980 வாக்கில். அப்போது ஊர்க் கரட்டில் நின்று பார்த்தால் காடு வரைக்கும் ஒரே புல். ஊசிப்புல், கொழுக்கட்டைப்புல், பள்ளத்தில் அருகு. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம், அதன் அடியில் மாடு படுத்து அசை போடும். மாடு எங்கே மேய்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். மஞ்சம்புல் அறுத்துக் கூரை வேய்ந்தோம். ஈச்சம்புதரில் விளக்குமாறு கட்டினோம். ஊர் மாடெல்லாம் ஒரே மந்தையாகப் போகும், ஒருவர் மேய்ப்பார், அவருக்கு வீட்டுக்கு வீடு ராகி அளப்போம்.

இப்போது அதே கரட்டில் ஏறிப் பாருங்கள். உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதற்கு இடையில் சீமைக்கருவேலம், அதாவது நம்ம வேலிகாத்தான். மாடு உள்ளே போனால் மணி சத்தம்தான் கேட்கும், மாடு தெரியாது. உள்ளே யானை நின்றாலும் தெரியாது. பசி தாங்காமல் உண்ணிச்செடித் தழையைத் தின்ற மாடு என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். மஞ்சள் காமாலை வந்து, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரிகிறது.

"காடு வளர்ந்தால் நல்லதுதானே, மழை வருமே" என்று சிலர் கேட்பார்கள். நாம் காட்டுக்கு எதிரி இல்லை. வேங்கையும் ஆச்சாவும் மூங்கிலும் நிற்கிற காட்டை யாரும் வெறுக்க மாட்டான். ஆனால் புல் இருந்த இடத்தில் வந்திருப்பது அந்தக் காடு இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ரெண்டு மூணு புதரும் முள்ளும்தான்.

எப்படி வந்தது?

உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பூவுக்காகக் கல்கத்தா தாவரத் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். சீமைக்கருவேலமும் அந்தக் கண்டத்து மரம்தான், 1870களில் விறகுக்கும் வறட்சிக்கும் என்று கொண்டுவந்தார்கள். ரெண்டையும் நம்ம மேய்க்காலில் யாரும் வந்து நடவில்லை. தானாகவே வந்தன.

உண்ணிச்செடிப் பழத்தைக் குருவி தின்கிறது. மேய்க்காலில் நிற்கும் ஒற்றை மரத்திலோ கல் வேலியிலோ வந்து உட்கார்ந்து எச்சம் போடுகிறது. அங்கே முளைக்கிறது. முதல் வருடம் ஒரு தூர், மூன்றாம் வருடம் ஒரு கூடாரம். அந்த நிழலில் புல் சாகிறது, ஏனென்றால் நம்ம ஊர்ப் புல் வெயிலில் வாழ்கிற சாதி. புல் இல்லாத இடத்துக்கு மாடு போகாது. மாடு மிதிக்காத, கடிக்காத இடத்தில் அடுத்த தூர் இன்னும் சுகமாக வளர்கிறது. ரெண்டு கூடாரம் ஒன்றாகச் சேர்கிறது. சீமைக்கருவேலத்துக்கு நம்ம ஆடு மாடே வண்டி. காயைத் தின்றுவிட்டுச் சாணியில் விதையைப் போடுகிறது, எரு வைத்து நட்ட மாதிரி முளைக்கிறது.

முன்பு ஏன் இப்படிப் பரவவில்லை? மூன்று காவல் இருந்தது. ஒன்று, மந்தை நாள்தோறும் மேய்ந்தது. ரெண்டு, விறகுக்கும் வேலிக்கும் கத்தி போய்க்கொண்டே இருந்தது. மூன்று, கோடையில் காய்ந்த புல்லில் ஓடுகிற சின்ன நெருப்பு. அது புல்லின் வேரைத் தொடாது, மழை விழுந்ததும் புல் துளிர்க்கும். ஆனால் புதர்க் கன்றும் மரக்கன்றும் அந்தச் சூட்டில் போய்விடும். இந்த மூன்றும் நின்றுபோன இடத்தில் புதர் வந்தது.

நாலாவது காரணம் வானத்தில் இருக்கிறது. ஆலையும் வண்டியும் விடுகிற புகையால் காற்றில் கரியமில வாயு கூடிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னால் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அது கூடினால் மரமும் புதரும் வேகமாக வளர்கின்றன. நம்ம வெப்ப நாட்டுப் புல்லுக்கு அந்த லாபம் குறைவு. ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் புல்வெளிகளைப் புதர் மூடுவதற்கு இதையும் ஒரு காரணமாக விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆக, புகைக்கூண்டு நம்ம நிலத்தை நேராகவும் எடுக்கிறது, மறைமுகமாகவும் எடுக்கிறது.

புல்வெளி தரிசு அல்ல

அதிகாரிகள் புல்வெளியைப் பார்த்தால் "சும்மா கிடக்கிற தரிசு" என்கிறார்கள். இது வெள்ளைக்காரன் போட்ட கணக்கு. தீர்வை வராத நிலமெல்லாம் அவனுக்குத் தரிசு. 1882-ம் வருடச் சென்னை வனச் சட்டத்தில் மரம் இருந்த இடம் காப்புக்காடு ஆச்சு, கலப்பை போன இடம் பட்டா ஆச்சு. நடுவில் இருந்த புல்லுக்குச் சொந்தமாக ஒரு பெயர் கிடைக்கவில்லை. புறம்போக்கு என்ற பெயரோடு அனாதையாக நிற்கிறது.

ஆனால் இந்த மேட்டு நிலம் புல்லுக்குப் பேர் போனது என்பதற்கு ஓசூர் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மத்திகிரி கால்நடைப் பண்ணையைப் பாருங்கள். 1824-ல் கம்பெனி ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க ஆரம்பித்த இடம், 1,600 ஏக்கருக்கு மேல். புல் இல்லாத ஊரிலா குதிரைப் பண்ணை வைப்பான்? எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் மன்னர்களும் ஐதரும் திப்புவும் ராணுவ மாடுகளுக்காக அமிர்த மகால் காவல் என்ற பெயரில் புல்வெளிகளையே ஒதுக்கி வைத்திருந்தார்கள். நம்ம பக்கத்து ஆலம்பாடி மாடு இப்படிப்பட்ட புல்லிலும் காட்டிலும் நடந்து உருவான இனம். இன்று அந்த இனத்தைக் காக்கத் தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் அரசு ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் மாட்டை மையத்தில் கட்டிக் காத்துவிட்டு, அது மேய்ந்த வெளியைப் புதருக்கு விட்டால் அந்த இனம் எத்தனை நாள் நிற்கும்?

நாடு முழுக்க இதே கதைதான். 2019-ல் ஐ.நா. பாலைவனமாதல் தடுப்பு மாநாடு நம்ம நாட்டில் நடந்தது. அதற்கு இந்திய அரசே கொடுத்த கணக்கு: 2005-ல் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் புல்வெளி, 2015-ல் சுமார் 1 கோடியே 23 லட்சம் ஹெக்டேர். பத்தே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம்.

குஜராத்தில் கட்ச் பகுதியில் பன்னி என்று ஒரு பெரிய புல்வெளி. 1961-ல் வனத்துறை சுமார் 31,500 ஹெக்டேரில் சீமைக்கருவேலம் நட்டது. இன்று அது பாதிப் புல்வெளிக்கு மேல் பரவி, எருமை வளர்க்கும் மால்தாரிகள் தவிக்கிறார்கள். நீலகிரியில் மலைப் புல்வெளியை வீண் நிலம் என்று சொல்லி ஆஸ்திரேலியச் சீகை மரத்தை நட்டார்கள். இப்போது நடாத இடத்துக்கும் அது தானே போகிறது. தோடர்களின் எருமைக்குப் புல் குறைந்தது, மலை ஊற்றும் குறைகிறது என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள்.

நம்ம மாநிலத்தில் 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்குவோம் என்றார்கள். மரம் நடட்டும். ஆனால் கணக்கு எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால் அது காடு. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வி இல்லை. வேலிகாத்தான் நிழலும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். மேய்க்காலை முள் மூடினால் நமக்கு நட்டம், கணக்குப் புத்தகத்தில் லாபம்!

மாட்டை விரட்டினால் காடு பிழைக்குமா?

2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயம், 686 சதுர கிலோமீட்டர். நம்ம அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரிப் பக்கத்துக் காடுகள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிட்டன. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. சுருக்கினாலும் நம்ம தலையில் விழுந்தது விழுந்ததுதான்.

மந்தை அளவுக்கு மீறினால் காடு கெடும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆளையும் மாட்டையும் நெருப்பையும் ஒரேயடியாக வெளியே தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம காட்டின் தொடர்ச்சியிலேயே பாடம் இருக்கிறது. மாதேஸ்வரன் மலையைத் தாண்டிப் போனால் பிளிகிரிரங்கன் மலை. அங்கே சோலிகர் மக்கள் முன்பனி முடிந்ததும் சருகில் சின்ன நெருப்பு வைப்பார்கள். கன்னடத்தில் 'தரகு பெங்கி' என்பார்கள். 1974-ல் அது சரணாலயம் ஆன பிறகு நெருப்பு நின்றது. அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் 1997-ல் உண்ணிச்செடியைக் கணக்கெடுத்தார்கள், 2008-ல் மறுபடி எடுத்தார்கள். ஏறக்குறைய ரெண்டு மடங்கு இடங்களில் பரவியிருந்தது. "நெருப்பு நின்றதால்தான் வந்தது" என்று சோலிகப் பெரியவர்கள் ரொம்ப நாளாகச் சொன்னதை ஆராய்ச்சியாளர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். யாரும் போய்க் காட்டுக்கு நெருப்பு வைக்கக் கூடாது. சட்டப்படியும் குற்றம், புத்திக்கும் ஆகாது. அன்றைக்குப் புல்லில் ஓடின நெருப்பு முழங்கால் உயரம். இன்றைக்கு உண்ணிச்செடியில் பிடித்தால் மரத்தின் உச்சிக்கு ஏறும், பெரிய மரமும் கருகும், மறு மழைக்கு உண்ணிச்செடியே முதலில் துளிர்க்கும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா, ஓக்லஹோமா மாநிலங்களில் சீடர் மரம் புல்வெளியை மூடியபோது, மாடு வளர்க்கும் விவசாயிகள் சங்கம் சேர்ந்து, அரசோடு கலந்து, நாள் பார்த்து, கூடி நின்று கட்டுப்பாடாக எரிக்கிறார்கள். சங்கமும் சட்டமும் சேர்ந்தால்தான் அந்த வேலை. தனி ஆள் தீக்குச்சி இல்லை.

யானை ஏன் நம்ம ராகிக்கு வருது?

பன்னேருகட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரைக்கும் யானைக் கூட்டம் வருடா வருடம் ராகி அறுப்புக் காலத்தில் வருகிறது. ஆட்கள் சாகிறார்கள், யானையும் சாகிறது. யானைக்கு முக்கியத் தீனி புல்லும் மூங்கிலும். உண்ணிச்செடி மூடின காட்டில் புல் எங்கே இருக்கும்? கதிர் பிடித்த ராகி அதற்குப் புல்லிலேயே உயர்ந்த புல். ராகி ருசி கண்ட யானை காட்டில் தீனி இருந்தாலும் வரலாம், அது உண்மை. ஆனால் நம்ம வயல் ஓரம் வரைக்கும் புதர் வந்துவிட்டதால் அது பகலெல்லாம் அங்கேயே மறைந்து நிற்கிறது. காலையில் பால் ஊற்றப் போகிற பெண் பத்தடியில் யானையைப் பார்க்கிறாள். புல்வெளியாக இருந்தபோது அரை மைலுக்கு முன்னாலேயே தெரிந்தது. மாட்டுக்குப் புல் வேணும் என்கிற நம்ம கோரிக்கையும் யானைக்குத் தீனி வேணும் என்கிற வன ஆர்வலர் கோரிக்கையும் ஒன்றுதான். சண்டை போட வேண்டியவர்கள் இல்லை நாம்.

நம்ம மேலும் தப்பு இருக்கு

அடுத்தவனை மட்டும் குற்றம் சொன்னால் இந்தச் சங்கத்துக்கு மரியாதை இல்லை. சீமைக்கருவேலத்தை வேலிக்கு நட்டவர்கள் நாமும்தான். கரி சுட்டு விற்றபோது யாரும் வருத்தப்படவில்லை. பையன்கள் சிப்காட் ஷிப்டுக்குப் போனார்கள், மேய்க்க ஆள் இல்லை, நாட்டு மாட்டை விற்றுக் கலப்பின மாட்டைக் கொட்டகையில் கட்டினோம். இப்போது ராகித்தாளும் புண்ணாக்கும் கலப்புத் தீவனமும் விலைக்கு வாங்கி, பால் பணத்தை அதிலேயே போடுகிறோம்.

இன்னொன்று, கேட்கக் கசப்பாக இருக்கும். மேய்க்காலில் ஓரம் ஓரமாக உழுதவர்களில் நம்ம சங்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். "புதர்தானே வளருது, நான் உழுதால் என்ன?" என்றார்கள். அப்படி உழுதவர் கையிலிருந்துதான் தரகர் காகிதம் எழுதி வாங்கிப் போனான். இதுபற்றி நமது செயற்குழுவில் ரெண்டு தடவை சண்டையே நடந்தது. கடைசியில் எடுத்த முடிவு இது: சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் தங்கள் பிடியில் இருக்கும் மேய்க்காலைக் கிராம சபையில் சொல்லி விட்டுவிட வேண்டும். 2011 ஜனவரி 28-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டுக் கிராம சபையிடம் தர எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அரசு குத்தகை கொடுத்திருந்தால் அதை விதிவிலக்காக வைத்தது. ஏழையின் குடிசையைத் தொட நாமும் விடமாட்டோம். ஆனால் பத்து ஏக்கர்க்காரர் மேய்க்காலில் கம்பி வேலி போட்டிருந்தால், அவர் நம்ம ஆளாக இருந்தாலும் அவர் பக்கம் நிற்கமாட்டோம்.

என்ன செய்ய முடியும்?

முடியும். உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் நாலு மடங்கு துளிர்க்கும். ஜே.சி.பி. வைத்துப் புரட்டினால் மண் கிளறி விதையெல்லாம் முளைக்கும். பூத்துக் காய்ப்பதற்கு முன்னால், மழை ஈரத்தில், தூருக்குக் கீழே ரெண்டு விரல் ஆழத்தில் வேரை வெட்டி, பிடுங்கித் தலைகீழாகப் போட வேண்டும். அடுத்த ரெண்டு மூன்று வருடம் முளைக்கும் கன்றைக் கையால் பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் உடனே புல் விதை தூவ வேண்டும். இது ஆள் வேலை, ஊர் வேலை. மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் உண்ணிச்செடிக் குச்சியில் நாற்காலியும் மேசையும் செய்து விற்கிறார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசே அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. அது நம்ம கரட்டுக்கு எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

உரிமைக்கும் சட்டம் இருக்கிறது. 2006-ம் வருட வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ), மேய்ச்சலை உரிமை என்றே சொல்கிறது. சரணாலயமும் அந்தச் சட்டத்தின் வன நிலத்துக்குள் அடக்கம். இருளர் போன்ற பழங்குடியினருக்கும், மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருடமாகக் காட்டை நம்பி வாழ்ந்த மற்றவர்களுக்கும் அது பொருந்தும். 2011-ல் பிளிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை வாங்கினார்கள். கிராம சபை கூடி, பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். பெரியவர்கள் வாய்ச்சொல்லை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சியம். மந்தை போன பாதை, தண்ணீர் காட்டின குட்டை, பட்டி போட்ட பாறை, எல்லாம் தெரிந்த தாத்தா பாட்டிகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுவோம்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் மேய்க்கால், மந்தைவெளிப் புறம்போக்கை அளந்து கல் நட்டு, 'அ' பதிவேட்டு நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. மேய்க்கால் நிலத்தை வகை மாற்றித் தொழிற்பேட்டைக்குக் கொடுக்கக் கூடாது.

3. மேய்க்காலில் மரம் நடும் திட்டம் கூடாது. ரோட்டோரம், வரப்பு, ஏரிக்கரையில் நட்டால் நாமே தண்ணீர் ஊற்றுகிறோம்.

4. உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் அகற்றும் வேலையைக் காண்ட்ராக்டருக்கு விடாமல், கிராம சபை மூலம் உள்ளூர் மக்களுக்குக் கூலியோடு தர வேண்டும். மூன்று வருடப் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

5. வன உரிமைச் சட்டப்படி மேய்ச்சல் உரிமையை வழங்க வேண்டும். மனு முடியும் வரை வழக்கமாக மேய்ப்பவர்கள் மேல் வழக்கோ அபராதமோ கூடாது.

6. யானையால் அழிந்த பயிருக்கு இழப்பீடு அந்தப் போகத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். வயலோரப் புதரை முதல் வேலையாக அகற்ற வேண்டும்.

தோழர்களே! 2026-ம் வருடத்தை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. உலகத்துக்குத் தெரிந்தது நம்ம தாலுக்கா ஆபீசுக்கும் தெரியட்டும். அடுத்த கிராம சபையில் இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் எழுந்து வராதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதும் வரை உட்காருங்கள். தீர்மான நகலோடு எல்லா ஊரும் ஒரே நாளில் வட்டாட்சியர் அலுவலகம் போவோம். நாள் கிளைகளுக்குத் தெரிவிக்கப்படும். மாடு வைத்திருப்பவர்கள் மாட்டையும் ஓட்டிக்கொண்டு வாருங்கள். மேய இடம் எங்கே என்று அதுவும் வந்து கேட்கட்டும்.

பரணுக்குப் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். டார்ச்சும் துணையும் இல்லாமல் புதர் ஓரம் நடக்காதீர்கள்.

மேய்க்கால் நமது பொதுச் சொத்து!
முள்ளுக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை!
புல் இருந்தால் மாடு! மாடு இருந்தால் எரு! எரு இருந்தால் ராகி!
ஒன்று சேர்வோம்! மேய்க்காலை மீட்போம்!